காலையா மாலையா: காஃபீன் உங்களுக்கு எப்போது உதவுகிறது என்று நீங்களே சோதிப்பது எப்படி?

"இந்த சப்ளிமென்ட் எனக்கு வேலை செய்கிறதா?" என்று கேட்பவர்கள் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். காலையில் செய்கிறதா, மாலையில் செய்கிறதா என்பது மீதிப் பாதி. எதையும் விழுங்காமலேயே உடம்பு காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும்தான் இருக்கும். உடலின் உள்வெப்பம் விடியலுக்கு முன் அடிமட்டத்துக்குப் போய், மாலை நெருங்க நெருங்க உச்சத்துக்கு ஏறுகிறது. ஏற்ற இறக்கம் சுமார் அரை டிகிரியிலிருந்து 1 டிகிரி செல்சியஸ் வரைதான். ஆனால் குதிப்பது, ஸ்பிரின்ட் ஓடுவது, எடை தூக்குவது போன்ற சில நொடி வேலைகளில் பெரும்பாலானவர்களுக்கு மாலைதான் கை ஓங்கும். மாலையில் ஒரு மாத்திரை போட்டுவிட்டு "அடேங்கப்பா, என்ன வேகம்!" என்கிறவர், மாத்திரைக்குச் சேராத பாராட்டையும் அதற்குக் கொடுத்துவிடுகிறார்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் எனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடுதான் இது. ஸ்லோமோஷன் எடுக்கும் போன், காலி கேப்ஸ்யூல்கள், காஃபீன் மாத்திரை, ஒரு நோட்டு, பொறுமையான ஒரு நண்பர். இவ்வளவுதான் வேண்டும்.

இதயத் துடிப்பில் கோளாறு, ரத்தக் கொதிப்பு, பதற்ற நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள், 18 வயது ஆகாதவர்கள் இதைத் தாமாகச் செய்ய வேண்டாம். மருத்துவரைக் கேளுங்கள்.

1. எதைச் சோதிப்பது?

பயிற்சி செய்கிறவர்கள் எடுக்கும் சப்ளிமென்ட்களான கிரியேட்டினையும் பீட்டா-அலனினையும் இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள். கிரியேட்டின் தினமும் 3 முதல் 5 கிராம் என்று தசையில் சேர்ந்து சேர்ந்து நிரம்புவது. பீட்டா-அலனினும் வாரக்கணக்கில் எடுத்தால்தான் பலன் தரும். காலை ஏழு மணிக்குச் சாப்பிட்டீர்களா, இரவு ஒன்பதுக்கா என்பது இவற்றுக்குப் பெரிய விஷயமே இல்லை. "கிரியேட்டினைப் பயிற்சிக்கு முன்னால் போடணுமா பின்னால் போடணுமா" என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். மறக்காமல் போடுங்கள், போதும்.

நேரம் பார்த்து வேலை செய்பவை காஃபீன், நைட்ரேட் (பீட்ரூட் சாற்றில் இருப்பது), சோடியம் பைகார்பனேட் (சமையல் சோடா). பைகார்பனேட் வயிற்றைக் கலக்கும் என்பதால் ஆரம்பத்துக்கு வேண்டாம். காஃபீனில் தொடங்குங்கள். 2012இல் மோரா-ரோட்ரிகஸ் என்பவரின் ஆய்வுக் குழு, எடைப் பயிற்சியில் நன்கு பழகிய 12 ஆண்களிடம் இதைச் சோதித்தது. உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபீன் கொடுத்ததும், ஸ்குவாட்டிலும் பெஞ்ச் பிரஸ்ஸிலும் காலை நேரத்து மந்தம் நீங்கி மாலை அளவை எட்டினார்கள். உங்களுக்கும் அப்படி நடக்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

2. அளப்பது (இங்கேதான் எல்லாம் கெட்டுப்போகும்)

நான் பரிந்துரைப்பது நின்ற இடத்திலிருந்து செங்குத்தாகக் குதிப்பது. களைப்பு குறைவு, அதே நாளில் திரும்பச் செய்யலாம், கருவி வேண்டாம். இடுப்பில் கை வைத்து, முட்டியை மடக்கி, ஒரே மூச்சில் மேலே எழும்ப வேண்டும். பக்கவாட்டில் தரை மட்டத்தில் போனை வைத்துக் காலைப் படம் எடுங்கள். கால்விரல் தரையை விட்ட பிரேமிலிருந்து (வீடியோவின் ஒவ்வொரு தனிப்படமும் ஒரு பிரேம்) மீண்டும் தொட்ட பிரேம் வரை எண்ணினால் காற்றில் இருந்த நேரம் கிடைக்கும். நேரத்தை நேரத்தாலேயே பெருக்கி, அதை 122.6 ஆல் பெருக்கினால் உயரம் சென்டிமீட்டரில் வரும். அரை நொடி காற்றில் இருந்தால் சுமார் 30.7 செ.மீ.

நொடிக்கு 30 பிரேம் எடுக்கும் சாதாரண வீடியோவில் ஒரு பிரேம் தவறாக எண்ணினாலே 31 செ.மீ. என்பது 27 ஆகவோ 35 ஆகவோ மாறிவிடும். நாம் தேடும் காலை-மாலை வித்தியாசமே ஓரிரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கலாம். 240 பிரேமில் அதே பிழை சுமார் அரை சென்டிமீட்டரோடு அடங்கிவிடும். ஆகவே 240 இல்லாமல் தொடங்காதீர்கள்.

240 என்று போன் சொல்வதையும் நம்பிவிடாதீர்கள். வெளிச்சம் மங்கினால் சில போன்கள் சத்தமில்லாமல் பிரேம்களைக் குறைத்துக்கொள்ளும். இருட்டு விலகாத காலையில் எடுத்த வீடியோவும் மாலை வீடியோவும் வேறு வேறு அளவுகோலில் வந்தால் சோதனையே பாழ். ஓடுகிற ஸ்டாப்வாட்ச் ஒன்றைப் படம் பிடித்து, ஒரு நொடிக்கு எத்தனை பிரேம் ஓடுகிறது என்று இரண்டு நேரத்திலும் எண்ணிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவை எண்ணாதீர்கள். மூலக் கோப்பு மட்டுமே. இரண்டு நேரமும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் எடுப்பது இன்னும் நல்லது.

இறங்கும்போது முட்டியை மடக்கினால் காற்றில் இருக்கும் நேரம் பொய்யாகக் கூடும். எழும்பிய மாதிரியே கால் நீட்டி விரலில் இறங்குங்கள். தரை தொட்டபின் மடக்கிக்கொள்ளலாம். தானாகக் கணக்கிடும் ஆப்கள் இருக்கின்றன. எனக்குப் பிடிக்காது. பிரேமை என் கண்ணால் எண்ணினால்தான் மனம் சமாதானமாகிறது.

ஒவ்வொரு முறையும் ஐந்து குதிப்பு, நடுவில் ஒரு நிமிட ஓய்வு, சராசரியைக் குறிக்கவும். மிகச் சிறந்த ஒன்றை மட்டும் எடுத்தால் அதிர்ஷ்டத்தைத்தான் அளப்பீர்கள்.

3. முதலில் எதுவும் போடாமல்

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லாருக்கும் ஆசை. போகாதீர்கள். காலை மூன்று நாள், மாலை மூன்று நாள், வார்ம்-அப் மட்டும் ஒரே மாதிரி. கூடவே எழுந்து எத்தனை மணி நேரம் ஆனது என்றும் எழுதுங்கள். 2015இல் ஃபேசர்-சைல்ட்ஸ், பிராண்ட்ஸ்டேட்டர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், அதிகாலையில் விழிப்பவர்கள் எழுந்து சுமார் ஐந்தரை மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டார்கள்; இரவுப் பறவைகளுக்கு அது சுமார் 11 மணி நேரம். சுவர்க் கடிகாரத்தில் ஒரே நேரமானாலும் இருவரின் உடம்பும் ஒரே நிலையில் இருப்பதில்லை.

இந்த ஆறு நாட்கள் முடிந்ததும், காலையில் வார்ம்-அப்பை மட்டும் நீட்டிப் பாருங்கள்; அதிலேயே இடைவெளி குறையலாம். அதுவே போதும் என்று தோன்றினால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இலவசம், தூக்கமும் கெடாது.

4. கேப்ஸ்யூல்

கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்றால் 65 கிலோ எடைக்கு 195. ஒரு 200 மில்லிகிராம் மாத்திரை சரியாக வரும். தூய காஃபீன் பொடியை வாங்கவே வாங்காதீர்கள். ஒரு தேக்கரண்டிப் பொடி உயிரைக் குடிக்கக்கூடியது; வீட்டுத் தராசை நம்பி அளக்கும் பொருள் அல்ல. "ரகசியக் கலவை" என்று போட்டு விற்கும் ப்ரீ-வொர்க்அவுட் (பயிற்சிக்கு முன் எடுக்கும்) டப்பாக்களும் வேண்டாம். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாததை எப்படிச் சோதிப்பது? போட்டிகளில் கலந்துகொள்பவர்கள், தடை மருந்துக் கலப்புக்காகத் தொகுதி வாரியாகச் சோதித்துச் சான்றளித்த பொருளையே வாங்க வேண்டும். காஃபீன் 2004இலேயே தடைப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. ஆனால் டப்பாவில் கூடவே என்ன கலந்திருந்தாலும் பொறுப்பு உங்களுடையது.

நண்பர் மாத்திரையைப் பொடித்துச் சில கேப்ஸ்யூல்களில் அடைக்கட்டும். மற்றவற்றில் வெறும் மாவு. எது எது என்பது அவருக்கு மட்டும் தெரியும். வெளியே ஒட்டிய பொடியை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். காஃபீன் கசக்கும், நாக்கில் பட்டால் குட்டு உடைந்துவிடும்.

5. சோதனை நாட்கள்

காலை-காஃபீன், காலை-மாவு, மாலை-காஃபீன், மாலை-மாவு. ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று தடவை, வரிசையை நண்பர் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யட்டும். இடையில் 48 மணி நேரம். கேப்ஸ்யூல் விழுங்கி 60 நிமிடம் கழித்துக் குதிக்க வேண்டும். குதித்து முடித்ததும், விழுங்கியது எது என்ற உங்கள் ஊகத்தையும் எழுதிவையுங்கள்.

மாலைச் சோதனையின் விலையையும் குறியுங்கள்: அன்றிரவு தூக்கம். 2013இல் வந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. நம் அளவு அதில் பாதிதான். ஆனாலும் காஃபீன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் நீளும்.

6. எண்களைப் படிப்பது

சராசரிகளைப் பார்க்கும் முன் சிதறலைப் பாருங்கள். ஒரே நிலையில் நாளுக்கு நாள் 1.5 செ.மீ. மாறுகிறதென்றால், காஃபீன் தந்த 0.8 செ.மீ. ஒன்றும் இல்லை என்றே கொள்ளுங்கள். உங்கள் ஊகம் ஏறக்குறைய எல்லா முறையும் சரியாக இருந்தால், எது காஃபீன் என்று தெரிந்த எதிர்பார்ப்பே உங்களைத் தூக்கியிருக்கலாம்; அப்போதும் முடிவை அரை மனதோடுதான் நம்ப வேண்டும்.

பின்சேர்க்கை: கருத்துகளில் வந்தவை

தினமும் காபி குடிக்கும் ஒருவர், மாலையில் காஃபீன் அபாரமாக உதவியது என்று எழுதியிருந்தார். காலைச் சோதனைக்கு இரவு முழுக்கக் காபி இல்லை. மாலைச் சோதனைக்கோ முந்தைய நாளிலிருந்தே இல்லை. காபி நின்றதால் வந்த தலைவலியோடு குதித்த மாவு நாளை விட காஃபீன் நாள் நன்றாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் சரியாக 12 மணி நேரம் வையுங்கள்: மாலை 6 மணிச் சோதனை என்றால் காலை 6 மணிக்குக் கடைசிக் காபி.

காலையில் வெறும் வயிறு, மாலையில் இரண்டு வேளைச் சாப்பாடு, இது நியாயமா என்று இன்னொருவர். நியாயமில்லைதான். இரு நேரத்திலும் சோதனைக்கு இரண்டரை மணி நேரம் முன்பு ஒரே சிற்றுணவு, அதன் பிறகு தண்ணீர் மட்டும்.

அடுத்து நைட்ரேட்டுக்குப் போனவர்களுக்கு: பீட்ரூட் சாறு குடித்து 2 முதல் 3 மணி நேரம் கழித்துத்தான் பலன் தெரியும். வாயிலுள்ள பாக்டீரியாதான் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகிறது. காலையில் கிருமிநாசினி மவுத்வாஷ் கொப்பளித்தால் அந்த வேலை தடைபடும். மாலையில் பலன், காலையில் பூஜ்யம் என்று வந்தால் முதலில் குளியலறை அலமாரியைப் பாருங்கள்.