நாட்டுப் பூச்செடிகளும் பெயரால் வரும் தவறுகளும்

கொங்கு நாட்டில் வீட்டைச் சுற்றி நாட்டுப் பூச்செடிகளை வளர்க்க விரும்புவோர் முதலில் சறுக்குவது பெயரில்தான். ஒரு செடிக்கு ஊரார் வைத்த பெயர் அவர்கள் அதில் எதைக் கண்டார்கள் என்பதைச் சொல்லுமே தவிர, அது எந்த மண்ணுக்கு உரியது என்பதைச் சொல்லாது.

டிசம்பர் பூவின் பெயரில் ஆங்கில மாதம் இருப்பதால், அது சீமையிலிருந்து வந்த செடி என்று ஒதுக்குவோர் உண்டு. குளிர்காலத்தில் பூப்பதால் அமைந்த பெயர் அது. செடியோ தெற்காசியாவுக்கு உரியது. இதற்கு நேர்மாறாக, நித்திய கல்யாணி மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. அந்திமந்தாரையும் செண்டுமல்லியும், பிள்ளைகள் ‘தாத்தா தாத்தா தலை கொடு’ என்று தலையைச் சுண்டி விளையாடும் வெட்டுக்காயப்பூண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். இவற்றை வளர்ப்பதில் குற்றமில்லை. நாட்டுப்பூ என்று சொல்லி வளர்ப்பதுதான் பிழை. உண்ணிச்செடியை மட்டும் எந்தப் பெயரிலும் நடக்கூடாது. சத்தியமங்கலம் காட்டில் அது புல்லையும் புதரையும் எப்படி மூடி நிற்கிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பொங்கலுக்கு முந்தைய நாள் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் காப்புக் கட்டும் ஆவாரையில் வேறொரு குழப்பம் நேர்கிறது. மஞ்சள் பூவைப் பார்த்ததும் பேயாவரையின் விதையைச் சேகரித்துவிடுகிறார்கள். பெயர் ஒத்திருந்தாலும் அது அமெரிக்கச் செடி. உண்மையான ஆவாரையின் இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில், காதுமடல் போன்ற அகன்ற பச்சைச் செதில்கள் இருக்கும். அதன் அறிவியல் பெயரில் உள்ள ‘ஆரிகுலேட்டா’ என்ற சொல்லும் அந்தக் காதையே குறிக்கிறது. காயும் தட்டையாக, காகிதம் போல் மெலிந்திருக்கும். காட்டுச் செடியைப் பிடுங்கி வந்து நட்டால் ஆணிவேர் அறுந்து பெரும்பாலும் பட்டுப்போகும் என்பதால், முற்றிய விதையைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து, ஓரிரவு ஊறவைத்து விதைப்பதே முறை.

செங்காந்தளை மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்றே சொல்கிறார்கள். கண்வலிக்கு மருந்தாவதால் அந்தப் பெயர் வந்தது என்று எண்ணிக் கிழங்கை அரைப்பது உயிருக்கே ஆபத்தானது. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்பதுதான் ஊர் வழக்கில் சொல்லப்படும் காரணம். கிழங்கு கலப்பை போல் வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும், கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. கிழங்கு, விதை உட்பட எல்லாப் பகுதிகளிலும் கொல்கிசின் என்ற நஞ்சு இருப்பதால், குழந்தைகளும் ஆடுமாடுகளும் நடமாடும் இடத்தில் அதை வைக்கவே கூடாது. பூவிலிருந்து சூல்தண்டு பக்கவாட்டில் சட்டென்று மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதால், விதைக்காக வளர்ப்பவர்கள் காலை வேளையில் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். வீட்டில் காய் பிடிக்கவில்லை என்று உரத்தைக் கூட்டுவோர் இதைக் கவனிப்பதில்லை.

நாட்டுச் செடிதானே என்று தொழுவுரத்தையும் தண்ணீரையும் அள்ளிக் கொட்டுவதும் தவறு. காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களின் கிளுவை வேலியோரம், சரளை மண்ணில், மழையை மட்டும் நம்பி வளர்வது ஆவாரை. தொட்டியில் நாள்தோறும் நீர் தேங்கினால் வேர் அழுகும். தும்பையும் பூளையும் மழைக்குப் பின் தாமாக முளைப்பவை. களை என்று கொத்திப் போடாமல், விதை உதிரும் வரை ஒரு மூலையை விட்டுவைத்தால், அடுத்த மழைக்குக் காசு கொடுத்து நாற்று வாங்க வேண்டியிருக்காது.