அமெரிக்கா போன வேலூர்த் தம்பிகளுக்கு: ரைஃபிள் வாங்கும் முன்

வீடு, கார், பேங்க் கணக்கு எல்லாம் ஒருவழியாகச் சரியானதும் நம்ம ஊர்ப் பையன்கள் போன் போட்டுக் கேட்பது துப்பாக்கியைப் பற்றித்தான். தப்பில்லை. இங்கே கலெக்டர் ஆபீஸில் நடையாய் நடந்து லைசென்ஸ் வாங்கி, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆளுக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று பார்த்துப் பழகியவன், அங்கே ஸ்போர்ட்ஸ் சாமான் விற்கும் கடையில் ரைஃபிள்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் ஆசைப்படத்தான் செய்வான். டெக்சாஸில் இருந்தபோது நானும் சேர்த்தவன்தான். இப்போது சத்துவாச்சாரியில் உட்கார்ந்துகொண்டு ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து விசாவைப் பாருங்கள். வி.ஐ.டி. முடித்து எஃப்-1-இல் படிக்கப் போனவர், கம்பெனி மூலம் ஹெச்-1பி-யில் போனவர், அவர் கூடவே ஹெச்-4-இல் போன மனைவி, இவர்கள் யாரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய சட்டம். சுடுதளத்தில் வாடகைக்கு எடுப்பதும், நண்பன் “ஒரே ஒரு ரவுண்டு சுடுடா” என்று நீட்டுவதைக் கையில் வாங்குவதும் இதில்தான் அடங்கும். மாட்டினால் 15 வருடம் வரை சிறை, விசாவின் கதி தனி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அதை நம்பிக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காகிதத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பினால் பின்னணியைச் சரிபார்த்துவிட்டுத் தருவார்கள். அந்தப் படிவத்தில் கஞ்சாவைப் பற்றி ஒரு கேள்வி இருக்கும், மாநிலத்தில் சட்டப்படி விற்கிறார்களே என்று அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கலிஃபோர்னியா, நியூயார்க் மாதிரி மாநிலங்களில் மேற்கொண்டு நிறைய விதிகள் உண்டு, நீங்கள் இருக்கும் ஊருக்கு என்ன என்று தனியாகப் பாருங்கள்.

கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் காலத்தில் ஏர் ரைஃபிள் வாங்கிப் பழகலாம், மத்திய சட்டக் கணக்கில் அது துப்பாக்கியே இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், குறி பார்ப்பது, மூச்சை அடக்குவது, விசையை இழுக்காமல் அழுத்துவது எல்லாம் அதிலேயே கைக்கு வந்துவிடும்.

முதல் ரைஃபிள், ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பாயிண்ட் 22 போல்ட் ஆக்‌ஷனாக இருக்கட்டும். தோட்டா மலிவு, தோளில் உதைக்காது, சத்தமும் குறைவு. வீடியோ பார்த்துவிட்டுக் கறுப்பாக, ஏகப்பட்ட சாமான் மாட்டியதை வாங்கி, இரண்டு முறை சுட்டதோடு பீரோவில் வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சேர்ப்பது என்று இறங்கினால் ஒரே ஒரு வகையைப் பிடியுங்கள். கண்டதையெல்லாம் வாங்கினால் அது சேகரிப்பு இல்லை, பழைய இரும்புக் கடை. நம்மவர்களுக்கு நான் சொல்வது இஷாப்பூர் ரைஃபிள். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்ப்பக்கம் வளர்ந்தவனுக்கு, கோட்டைக்குள் போலீஸ்காரர் தோளில் த்ரீ நாட் த்ரீயைப் பார்த்தவனுக்கு, அதைவிட நெருக்கமான ரைஃபிள் ஏது? வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை 1960-களில் அதே அமைப்பை வைத்து 7.62 தோட்டாவுக்காகச் செய்த 2ஏ, 2ஏ1 ரைஃபிள்கள் அமெரிக்காவுக்கு இறக்குமதியாகியிருக்கின்றன. 12 தோட்டா பிடிக்கும் சதுரமான மேகசின், ஆர்.எஃப்.ஐ. என்ற முத்திரை, பக்கத்திலேயே வருடம், பார்த்ததும் தெரிந்துவிடும். 50 வருடம் தாண்டியவை என்பதால் சேகரிப்பாளர் உரிமத்திலேயே வாங்கலாம். மூன்று வருடத்துக்கு 30 டாலர்தான், ஆனால் வியாபாரம் செய்ய அது ஆகாது.

வாங்கும் முன் போல்ட்டைக் கழற்றி, அதில் இருக்கும் எண்ணும் உடலில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறு வேறு என்றால், ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் தோட்டா முன்னே போகாமல் நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, அதை அளந்து பார்க்காமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது. குழலுக்குள் வெளிச்சம் விட்டு ரைஃப்லிங், அதாவது உள்சுவரில் சுருளாக ஓடும் வரிகள், கூர்மையாக இருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டி.பி. என்று குத்தியிருந்தால் அது கவாத்துத் துப்பாக்கி, என்.சி.சி.யில் தூக்கியது மாதிரி. சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது. த்ரீ நாட் த்ரீயையே போலீஸுக்காக 410 மஸ்கட்டாக மாற்றியவையும் சந்தையில் உண்டு. வெளியே ஒரே மாதிரி, உள்ளே குழல் வழவழவென்று இருக்கும். அப்புறம், பழைய கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடிக்கவே அடிக்காதீர்கள், பாதி விலை போய்விடும். மேல் அழுக்கைத் துணியால் துடைத்து, ஆளி விதை எண்ணெய் லேசாகத் தடவினால் போதும்.

ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தோலின் அருமை நமக்குத் தெரியும் என்பதற்காக ரைஃபிளைத் தோல் உறையிலேயே மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும், இரும்பு துருப்பிடித்துவிடும். உறை பயணத்துக்கு மட்டும்தான். வீட்டில் எண்ணெய் பூசி, இரும்புப் பெட்டியில் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் வையுங்கள். மனைவி இன்னும் ஹெச்-4-இல் இருந்தால் பெட்டிச் சாவி அவர் கைக்குப் போகவே கூடாது, அதுவே அவர் வைத்திருப்பதாக ஆகிவிடலாம். அப்பா, அம்மா விசிட்டர் விசாவில் வரும்போதும் இதே கதைதான். அப்பா ஆசையாகக் கேட்பார், சும்மா ஒரு போட்டோதானே என்று தோன்றும், அது குடும்ப வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றும். பெட்டியைத் திறக்காதீர்கள்.

ஊருக்கு வரும்போது சுடுதளத்துக்கு எடுத்துப் போன பையில் துணி அடுக்காதீர்கள். மடிப்பில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரியும், ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். வெறும் கூடு கிடந்தாலும் பதில் சொல்லி மாளாது. அந்தப் பையை கார் டிக்கியிலேயே விட்டுவிட்டு, வேறு பெட்டி எடுத்து வாருங்கள்.