சுளுக்கிய காலோடு ஒரு வாரம்: கொழும்பில் ஓட்டம், சைக்கிள், ஓரியன்டியரிங்

மரைன் டிரைவில் விடிய முன்னம் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் எழும்பி நின்ற கான் மூடியில் இடது கால் மடங்கியது. கணுக்காலின் வெளிப்பக்கம் தேசிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. விழுந்ததில் முழங்காலில் தோல் உரிந்தது. வலது பெருவிரலில் ஏற்கெனவே ஒரு கொப்புளம் வேறு. அம்மா "இனி ஓட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பேசாமல் இரு" என்றார். மச்சான் ஒருவன் "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றான். இரண்டு பேச்சையும் நான் கேட்கவில்லை. பதினொரு நாள் பொறுத்துவிட்டு, காலுக்கு எது ஆகுமோ அதை மட்டும் செய்து ஒரு வாரத்தை ஓட்டினேன். இப்போதுதான் ஓடத் தொடங்கியவர்களுக்கு உதவும் என்று அதை நாள் நாளாக எழுதுகிறேன்.

முதலில்: இது சின்னக் காயம்தானா?

கால் மடங்கிய உடனேயும், பிறகு டொக்டரிடம் போகும்போதும், நொண்டியாவது நான்கு எட்டு வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புகளின் பின் விளிம்பை விரலால் அழுத்தும்போது அந்த எலும்பே நொந்தாலும் எக்ஸ்ரேதான். ஓடாமல் படுத்திருக்கும் இரவிலும் ஒரே புள்ளியில் எலும்பு நோகிறதென்றால் அது எலும்பு வெடிப்பாக இருக்கலாம். அதற்கு இந்தக் கட்டுரை மருந்தல்ல.

எண்ணெய் போட்டு உருவுகிற விஷயம்: நம் வீடுகளில் சுளுக்கு என்றால் முதல் நாளே யாராவது கையைத் தேய்த்துக்கொண்டு வந்துவிடுவார்கள். முதல் இரண்டு மூன்று நாளுக்கு அழுத்தி உருவ விடாதீர்கள். எலும்புகளைப் பிணைக்கும் நார் உள்ளே கிழிந்திருக்கும், அதில் இரத்தக் கசிவு கூடும். காலை உயர்த்தி வைத்து, எலாஸ்டிக் பண்டேஜ் சுற்றினால் போதும். ஐஸ் நோவைக் குறைக்கும். துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் வைக்க வேண்டும்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. உடம்பெல்லாம் நோகிறது, கூடவே காய்ச்சலும் இருக்கிறது என்றால், "நேற்று ஓடியதால்தான்" என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம். இது நுளம்பு ஊர், டெங்குவாக இருக்கலாம். அப்போது ஐபுப்ரோபன், டைக்ளோபெனக், அஸ்பிரின் எதையும் தொடக் கூடாது. பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு. இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மற்றது, தோல் உரிந்த காலோடு மழை வெள்ளத்திலோ சதுப்பு நிலச் சேற்றிலோ இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக உள்ளே போகலாம்.

திங்கள்: படிக்கட்டுப் பரீட்சை

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், நான்காம் மாடியில். காலையில் சப்பாத்து இல்லாமல் ஒரு மாடி இறங்குவேன். நோவுக்குப் பத்தில் எத்தனை என்று ஒரு எண் கொடுத்துக் கொப்பியில் எழுதுவேன். மூன்று வரைக்கும் வந்தால் அன்றைக்கு என்ன திட்டமோ அதைச் செய்யலாம். நாலு, ஐந்து என்றால் பாதி. அதற்கு மேலே போனால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். இதில் ஒன்றை மறக்கக் கூடாது: பயிற்சி செய்யும்போது இருந்த நோவு மட்டும் கணக்கல்ல, மறுநாள் காலைப் படிக்கட்டு சொல்லும் எண்ணும் கணக்குத்தான். ஓடும்போது உடம்பு சூடாகி நோவை மறைத்துவிடும். மறுநாள் அந்த மறைப்பு இருக்காது.

திங்கள் எனக்கு மூன்று. இருபது நிமிடம் நடந்தேன், அவ்வளவுதான். பல் தீட்டும்போது இடது காலில் மட்டும் நிற்கப் பழகினேன். சுளுக்கிய கால் திரும்பவும் சுளுக்குவதற்குப் பெரிய காரணம் நார் பலவீனமாவது மட்டுமல்ல, "பாதம் இப்போது சாய்கிறது" என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மந்தமாகிவிடுவது. ஒற்றைக் காலில் நிற்பது அந்த உணர்வைத் திரும்பக் கொண்டுவரும். முப்பது செக்கன் ஆடாமல் நிற்க முடிந்தால் அடுத்தது கண்ணை மூடிக்கொண்டு. சுவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

செவ்வாய்: சைக்கிள்

ஓட்டத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் உடம்புப் பாரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு காலில் இறங்குகிறது. சைக்கிளில் பாரத்தைச் சீட் தாங்கிக்கொள்கிறது, பாதமும் பக்கவாட்டில் மடங்காது. அதனால்தான் சுளுக்கிய காலுக்கு முதல் நண்பன் சைக்கிள்.

ஆனால் சீட் உயரம் சரியாக இருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள், அப்போது முழங்காலில் சின்ன வளைவு தானாக வரும். சீட் பதிவாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும், உயரமாக இருந்தால் பின்பக்கம் நோகும். கடன் வாங்கிய சைக்கிளில் முழங்கால் நோகிறது என்பவர்களுக்கு அநேகமாக இதுதான் வருத்தம். சப்பாத்தைப் பெடலோடு பூட்டும் கிளிப் வகை வைத்திருந்தால் இந்த வாரம் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண பெடல் போடுங்கள். பூட்டைத் திறக்கக் குதிகாலை வெளியே திருப்ப வேண்டும், புண்பட்ட நாருக்கு அது ஆகாது.

காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். இங்கே வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் சூரியன் வரும். ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வான்கள் வீதியைப் பிடித்துக்கொள்ளும். அந்த அரை இருட்டில் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். மரைன் டிரைவில் நாற்பது நிமிடம், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் ஓட்டினேன். கடல் காற்று போகும்போது ஒரு மாதிரி, வரும்போது வேறு மாதிரி. வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள்.

புதன்: ஓட்டமும் நடையும்

இடத்தைத் தெரிவு செய்வதில்தான் பாதி வெற்றி. காலிமுகத்திடல் புல் மெத்தென்று இருக்கும் என்று நினைப்போம். அதிலுள்ள குழிகள் சுளுக்கிய காலுக்குப் பொறி. கடலோர நடைபாதை 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் முடிக்கப்பட்டது. "கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்" என்று பின்னால் வரும் ஆளுநர்களிடம் ஒப்படைத்துக் கல்லில் பொறித்தும் வைத்திருக்கிறார். அவர் நொண்டிக் கால்களை நினைக்கவில்லை போல, மாலையில் அங்கே பட்டமும் இறால் வடையும் சனமுமாக இருக்கும். நான் போனது சுதந்திர சதுக்கத்துக்கு. தரை சமம், வெளிச்சமும் உண்டு.

பத்து நிமிடம் நடை. பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டுத் தடவை. இதுதான் திட்டம். நான் பத்துத் தடவை செய்தேன், ஏனென்றால் நோவே இல்லை. மேலே என்ன எழுதியிருக்கிறேன் என்று பாருங்கள். வியாழன் காலை படிக்கட்டு நாலு என்றது.

கொப்புளத்துக்கு: நோகாத கொப்புளத்தை அப்படியே விடுங்கள். நொந்து பொங்கியிருந்தால் ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை எடுங்கள். மேல் தோலை உரிக்காதீர்கள், அதுதான் இயற்கைப் பிளாஸ்டர். சீனி வருத்தம் உள்ளவர்கள் ஊசியைத் தொடவே வேண்டாம், டொக்டரிடம் போங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் பருத்திக் காலுறை பத்து நிமிடத்தில் நனைந்து தோலை உரசும். சீக்கிரம் உலரும் வகையை வாங்குங்கள்.

வீடு வந்ததும் செவ்விளநீர் குடிக்கலாம், நல்லது. ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், உப்பு குறைவு. வியர்வையில் போவது உப்பு. தேசிக்காய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்தால் கணக்குச் சரியாகும். பிரஷர் உள்ளவர்கள் உப்பை விட்டுவிடலாம்.

வியாழன், வெள்ளி

வியாழன் ஓய்வு. சாப்பாட்டு மேசையில் சனிக்கிழமைக்கான வரைபடம் போட்டேன். வெள்ளி அரை மணி நேரம் சைக்கிள், அதுவும் மெதுவாக.

சனி: ஓரியன்டியரிங்

வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு, குறித்த இடங்களை வரிசையாகக் கண்டுபிடித்துப் போகும் விளையாட்டு இது. ஸ்கண்டிநேவியாவில் இராணுவப் பயிற்சியாகத் தொடங்கி, சுவீடனில் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற அதிகாரி 1919இல் ஸ்டொக்ஹோம் அருகே நடத்திய போட்டிக்குப் பிறகு பரவியது. வேகமாக ஓடுபவன் வழி தவறினால், யோசித்து நடப்பவன் முந்திவிடுவான். நொண்டுபவர்களுக்கு இதைவிட நியாயமான விளையாட்டு இல்லை.

போட்டிக்குக் காத்திருக்க வேண்டாம், வரைபடத்தை நீங்களே செய்யலாம். ஓப்பன்ஓரியன்டியரிங்மேப் என்ற இலவச இணையக் கருவி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து வரைபடம் எடுத்து, நீங்கள் தொடும் இடங்களில் ஊதா வட்டம் போட்டுப் பிரிண்ட் எடுக்கத் தரும். நான் விகாரமகாதேவி பூங்காவை 1:5,000 அளவில் எடுத்தேன், அதாவது ஒரு சென்டிமீற்றருக்கு 50 மீற்றர். முக்கோணம் தொடக்கம், ஒற்றை வட்டம் தேட வேண்டிய இடம், இரட்டை வட்டம் முடிவு. எட்டு இடம் போதும்: பாதைச் சந்தி, வாங்கு, வாசல் மூலை, மாநகர சபைக் கட்டடத்தைப் பார்த்த பக்கத்துப் புத்தர் சிலை, இப்படி அசையாத பொருட்களாகப் பாருங்கள். பத்து மணிக்குப் பிறகு குடைகளுக்குக் கீழே சோடி சோடியாக இருப்பவர்கள் அடையாளப் பொருட்கள் அல்லர், அந்தப் பக்கம் வட்டம் போடாதீர்கள். தூதரக வாசல், இராணுவ முகாம் பக்கமும் வேண்டாம். வரைபடத்தோடு சுற்றித் திரிந்தால் கேள்வி வரும்.

உண்மையான காட்டு வரைபடத்தைப் பார்த்தால் புதியவர்கள் ஏமாறும் இடம் நிறம். அங்கே வெள்ளை என்றால் வெட்டவெளி அல்ல, தடையில்லாமல் ஓடக்கூடிய காடு. வெட்டவெளிக்கு மஞ்சள். பச்சை கருமையாகக் கருமையாக நெருக்கமான பற்றை.

பூங்காவில் நின்று முதல் வேலை, வரைபடத்தின் வடக்கை நிலத்தின் வடக்கோடு பொருத்துவது. நீங்கள் திரும்பினாலும் வரைபடம் திரும்பக் கூடாது. திசைகாட்டியைப் போனுக்கும் இரும்புக் கம்பிக்கும் சைக்கிளுக்கும் தள்ளிப் பிடியுங்கள். "உச்சி வேளையில் சூரியன் தெற்கே" என்று வெளிநாட்டு வழிகாட்டிகளில் வரும் விதி இங்கே பலிக்காது. ஏப்ரல் முதல் வாரம் அது நேரே தலைக்கு மேல், ஜூனில் வடக்கே. கடல் மேற்கே என்பது மட்டும் மாறாது.

பிறகு, நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, நகர நகர விரலையும் நகர்த்துங்கள். வட்டத்தை நோக்கி நேரே பாயாமல், அதற்குப் பக்கத்தில் தவறவே முடியாத ஒரு பெரிய அடையாளத்துக்கு முதலில் போய், அங்கிருந்து கவனமாகத் தேடுங்கள்.

தூரத்தை அளக்கும் காலடிக் கணக்கு கடைசி. இடது கால் தரையில் படும் ஒவ்வொரு தடவையும் ஒன்று என்று எண்ணினால், நடையில் 100 மீற்றருக்கு எனக்கு 65 வரும். சனிக்கிழமை முதல் இடத்துக்குப் போகும்போது 100 மீற்றருக்கு 67 வந்தது. நான்காவதுக்குப் போகும்போது 70. ஆறாவதில் 74. நோவு இரண்டுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன், கால் தன் அடியைச் சுருக்கிக் கள்ளத்தனமாக நொண்டத் தொடங்கியிருந்தது. நொண்டி நடந்தால் நல்ல காலின் முழங்காலும் இடுப்பும் அடுத்து மாட்டும். ஏழாவது, எட்டாவது இடங்களை விட்டுவிட்டு ஓட்டோ பிடித்தேன். காலடி எண்ணிக்கை பத்தில் ஒன்றுக்கு மேல் கூடினால் நிறுத்துவது என்று அன்றைக்கு எனக்கு ஒரு விதி கிடைத்தது.

ஞாயிறு

படிக்கட்டு இரண்டு. வீதி வெறிச்சென்றிருந்தது, பௌர்ணமி விடுமுறையான போயா நாள் மாதிரி. கிருலப்பனை, நாவல வழியாகப் பத்தரமுல்லை தியத்த உயன பூங்கா வரை மெதுவாகச் சைக்கிளில் போய், ஏரிக்கரையில் ஒரு பிளேன் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். வரும் புதன் மெல்லோட்டம் அதே எட்டுத் தடவைதான், ஒரு நிமிடத்துக்குப் பதில் ஒன்றரை நிமிடம். சனிக்கிழமை ஏழாவது வட்டத்திலிருந்து தொடக்கம்.