ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருதா? டெக் குரூப் அட்மினுங்க இப்படி செஞ்சு பாருங்க

டெக் குரூப் எதையாவது கொஞ்ச நாள் பாத்துக்கிட்டவங்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். முந்தாநாள் யாரோ கேட்டு மூணு பேர் சேந்து பதில் சொல்லி முடிச்ச கேள்விய இன்னைக்கு இன்னொருத்தர் வந்து புதுசா கேப்பார், உடனே ஒருத்தர் "மேல ஸ்க்ரோல் பண்ணி பாருங்க ப்ரோ"ன்னு போடுவார், அவர் "தேடிட்டேன் கிடைக்கல"ம்பார், அங்கேருந்து ஒரு சண்டை கிளம்பி அதுவே அம்பது மெசேஜ் ஆயிடும். கேட்டவர சோம்பேறின்னு திட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல. சாட்ல போட்ட பதில் மறுநாளே அடியில போயிடுது, புதுசா வர்றவருக்கு எந்த வார்த்தைய போட்டு தேடணும்னே தெரியாது. ஸ்லாக்ங்கற டீம் சாட் ஆப்போட இலவச ப்ளான்னா இன்னும் மோசம், 90 நாளுக்கு முந்தின மெசேஜ் கண்ணுலயே படாது.

இது பழைய தலைவலிதான். யூஸ்நெட்ங்கற பழைய இணைய விவாதக் குழுக்கள் காலத்துல செப்டம்பர் வந்தா காலேஜ்ல புதுசா சேந்த பசங்க மொத்தமா வந்து இறங்கி கேட்டதையே கேப்பாங்க, கொஞ்ச நாள்ல அடங்கிடும். 1993லேருந்து வெளி ஆளுங்களும் வர ஆரம்பிச்சு அந்தக் கூட்டம் நிக்கவே இல்ல, அதனால 'முடியாத செப்டம்பர்'னே பேரு வச்சாங்க. அப்பவே அவங்க வச்சிருந்த மருந்து எஃப்ஏக்யூ, அதாவது பதில தனியா எழுதி வச்சு குறிப்பிட்ட இடைவெளில திரும்பத் திரும்ப போடறது. இன்னைக்கும் வேலை செய்யறது அதுதான்.

அதனால ஒரு கேள்வி மூணாவது தடவ வந்துச்சுன்னா சாட்ல பதில் அடிக்காதீங்க. கூகுள் டாக்கோ கிட்ஹப் விக்கியோ ஏதோ ஒண்ணு, அதுல ஒரு கேள்விக்கு ஒரு பக்கம், ஒவ்வொண்ணுக்கும் தனி லிங்க். முப்பது கேள்விய ஒரே பக்கத்துல அடுக்குனா யாரும் படிக்க மாட்டாங்க. ரொம்ப முக்கியம் தலைப்பு, இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. உதாரணத்துக்கு பைத்தான் குரூப்ல எப்பவும் வர்ற ஒண்ணு, "இன்ஸ்டால் பண்ணிட்டேன், ஆனா மாட்யூல் இல்லன்னு எரர் வருது". தெரிஞ்சவர் இதுக்கு 'இன்டர்ப்ரெட்டர் பாத் சிக்கல்கள்'னு தலைப்பு வைப்பார். மாட்டிக்கிட்டு முழிக்கிறவருக்கு அந்த வார்த்தை தெரிஞ்சிருந்தா அவரே சரி பண்ணிட்டு போயிருப்பாரே! அவர் கேட்ட வாக்கியத்தையே தலைப்பா வைங்க, கீழ எரர் மெசேஜ முழுசா டெக்ஸ்டா ஒட்டுங்க, அப்புறம் ரெண்டே வரில காரணம்: பெரும்பாலும் மெஷின்ல ரெண்டு பைத்தான் இருக்கும், பிப் (மாட்யூல இன்ஸ்டால் பண்ற டூல்) ஒண்ணுல போட்டுடுச்சு, கோட் இன்னொண்ணுல ஓடுது. எந்த பைத்தான்ல கோட ஓட்டுறீங்களோ அதே பைத்தான்ல '-எம் பிப் இன்ஸ்டால்' (-m pip install) குடுங்க, முடிஞ்சுது.

லிங்க் குடுக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. வெறும் லிங்க மட்டும் வீசினா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும். "இது ரெண்டு பைத்தான் பிரச்சனை போல தெரியுது, இதுல ரெண்டாவது ஸ்டெப் பாருங்க, சரி வரலன்னா இங்கயே சொல்லுங்க"ன்னு ஒரு வரி சேத்துடுங்க, அவ்வளவுதான். இந்த மாதிரி வரிகள கிட்ஹப்ல சேவ்டு ரிப்ளையா வச்சுக்கலாம், மத்த இடத்துல போன் கீபோர்ட் ஷார்ட்கட்டே போதும். திரும்ப வந்த கேள்விய டெலீட் பண்ணிடாதீங்க. ஸ்டாக் ஓவர்ஃப்ளோங்கற கேள்வி பதில் தளத்துல ட்யூப்ளிகேட்னு மூடின கேள்விகள பெரும்பாலும் அழிக்காம, ஒரிஜினல் பதிலுக்கு லிங்க் போட்டு அப்படியே விட்டு வச்சிருப்பாங்க, ஏன்னா வேற வார்த்தைல தேடி வர்றவரும் அது வழியா சரியான இடத்துக்கு வந்து சேந்துடுவார்.

பின் பண்ணின மெசேஜ நம்பி இருக்காதீங்க. இருவது ரூல் எழுதி பின் பண்ணினா அட்மினுக்கு மட்டும்தான் திருப்தி. கேள்வி கேக்க வர்றவர்கிட்ட மூணே விஷயம் கேளுங்க: வெர்ஷன், முழு எரர், இதுவரைக்கும் என்ன ட்ரை பண்ணினீங்க. ஸ்க்ரீன போன்ல போட்டோ எடுத்து சாய்வா அனுப்பறதுக்கு மட்டும் தயவுதாட்சண்யமே வேண்டாம், டெக்ஸ்டா கேட்டு வாங்குங்க. போட்டோல இருக்கற எரர நாளைக்கு தேடற யாருக்கும் அது மாட்டாது.

மெசேஜ் வெள்ளத்துக்கு வருவோம். டெலிகிராம்னா டாபிக்ஸ் ஆன் பண்ணி கேள்விக்கு தனி இடம், அரட்டைக்கு தனி இடம்னு பிரிச்சுடுங்க, டிஸ்கார்ட்னா ஃபோரம் சேனல், ஒவ்வொரு கேள்வியும் தனி போஸ்டா தலைப்போட நிக்கும், டேக்க கட்டாயமும் ஆக்கலாம். ஸ்லோ மோட், அதாவது ஒரு மெசேஜ் போட்டா அடுத்தது போட கொஞ்ச நேரம் காத்திருக்கணும்ங்கற செட்டிங், அது பத்தி நிறைய பேர் குறை சொல்வாங்க, எனக்கு பிடிக்கும். "ஹாய்", "ஒரு டவுட்", "யாராச்சும் இருக்கீங்களா"ன்னு தவணை முறைல கேக்கறவர் கூட ஒரு நிமிஷ இடைவெளி இருந்தா மொத்தத்தையும் ஒரே மெசேஜா அடிச்சுடுவார்.

உங்க தலைவலி குறைய: நோட்டிஃபிகேஷன மென்ஷனுக்கு (உங்க பேர் சொல்லி கூப்பிடறதுக்கு) மட்டும் வைங்க. ஸ்லாக்ல கீவேர்ட் அலர்ட் இருக்கு, உங்களுக்கு நல்லா தெரிஞ்ச ரெண்டு மூணு வார்த்தைய போட்டுட்டு மிச்ச நோட்டிஃபிகேஷன நிறுத்திடலாம். மெயிலிங் லிஸ்ட்னா தினசரி டைஜஸ்ட் (அன்னைக்கு வந்ததெல்லாம் ஒரே மெயிலா வர்றது) ஆப்ஷன் இருக்கான்னு பாருங்க. உடனே பதில் சொல்லியே ஆகணும்னும் இல்ல, ஒரு மணி நேரம் விட்டீங்கன்னா பாதி கேள்விக்கு வேற யாராச்சும் சொல்லி முடிச்சிருப்பாங்க, அப்படி சொல்றவங்களதான் பதில் பக்கங்கள எழுதவும் இழுத்துப் போடணும்.

எழுதி வச்ச பக்கம் ஒவ்வொண்ணுலயும் எந்த வெர்ஷனுக்கு, எந்த மாசம் எழுதினதுன்னு மேலயே போடுங்க. லிங்க் குடுத்தும் "இது வேலை செய்யல"ன்னு ரெண்டு பேர் சொன்னா அந்தப் பக்கம் காலாவதி ஆயிடுச்சுன்னு அர்த்தம், அன்னைக்கே திருத்துங்க, நேரம் இல்லன்னா தலைப்புக்கு கீழ "பழசு, நம்பாதீங்க"ன்னாவது போட்டு வைங்க.