சைடு பிசினஸ் படுத்துவிட்டதா? எழுப்பப் போய் செய்யும் தவறுகள்

வேலை முடிந்து வந்த பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் நான் நோட்டுப் புத்தகங்கள் தைத்து ஆன்லைனில் விற்கிறேன். தாளை மடித்து, துளை போட்டு, நூல் கோத்துத் தைத்து, முதுகில் பசை தடவி, அட்டை ஒட்டி, மேலே கனம் ஏற்றி இரவு முழுக்க வைக்க வேண்டும். மூன்றாவது வருடத்தில் ஒரு நாள் பசை டப்பாவைத் திறந்தால், உள்ளே கல் மாதிரி இறுகிக் கிடந்தது. கடைசியாகத் திறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பக்கத்தில் எட்டு நோட்டுக்கு மடித்து வைத்த தாள்கள், மேல் தாளில் மட்டும் தூசி.

வேலையோடு வேலையாக இன்னொரு தொழிலையும் இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இப்படி ஒரு காலம் வரத்தான் செய்யும். அதுகூடப் பரவாயில்லை. எழுப்புகிறேன் பேர்வழி என்று அடுத்த இரண்டு மாதம் நான் செய்த காரியங்களில்தான் அதிகம் போனது.

முதலில் கை வைத்தது தூக்கத்தில். "சோம்பேறித்தனம் வந்துவிட்டது, இன்னும் ஒன்றரை மணி நேரம் முழித்திருந்தால் சரியாகிவிடும்" என்று நினைத்தேன். பகல் முழுக்க இன்னொருவருக்கு உழைத்துவிட்டு வந்தவனுக்கு ராத்திரி பதினொன்றரைக்கு என்ன தெம்பு இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களை 14 நாள் தொடர்ந்து இரவில் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ மட்டும் தூங்கவைத்துப் பார்த்தார்கள். முடிவில் அவர்களின் கவனம், ஓரிரண்டு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. இதில் வேடிக்கை, அவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவே இல்லை. லேசாகத்தான் தூக்கக் கலக்கம் இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் தெரியவில்லை. ஒரு மணிக்குத் தைத்த மூன்று நோட்டுகளைக் காலையில் பார்த்தால், ஒன்றில் ஒரு மடிப்பு தலைகீழாக இருக்கிறது, இன்னொன்றில் நூல் ஒரு துளையைத் தாண்டிப் போயிருக்கிறது. தைக்க நாற்பது நிமிடம், பிரிக்க ஒரு மணி நேரம். நேரம் கூட்டினேன் என்று நான் நினைத்த நாட்களில், கணக்கு போட்டால், மிச்சம் ஒன்றுமே இல்லை.

அடுத்தது மெசேஜ். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழிலைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். தாமதமான ஆர்டர் ஒன்றுக்கு "எப்போது வரும்?" என்று கேட்டு ஒருவர் அனுப்பியிருந்தார். பதில் எழுத இரண்டு நிமிடம் போதும். ஆனால் நோட்டு தயாராகவில்லை. தயாரானதும் நல்ல செய்தியாகவே சொல்லிவிடலாம் என்று விட்டுவைத்தேன். மூன்றாம் நாள் வெட்கமாக இருந்தது. ஆறாம் நாள் அந்தச் செயலியையே திறக்கப் பயமாக இருந்தது. அதைத் திறக்காததால் புதிதாக வந்த இரண்டு ஆர்டர்களும் கண்ணில் படவில்லை. பதினோராம் நாள் திறந்தபோது அவர் மறுபடி கேட்டிருந்தார், இந்தத் தடவை வெறும் கேள்விக்குறி மட்டும்.

முடிக்காத காரியம் மண்டையில் உட்கார்ந்துகொண்டு வேறு வேலையைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் அனுபவம். 2011இல் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அதில் எனக்குப் பிடித்த பகுதி இது: அந்தக் காரியத்தை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டமாக எழுதிவைத்தாலே நச்சரிப்பு அடங்கிவிடுகிறது. வாடிக்கையாளருக்கும் அதேதான் வேண்டியிருக்கிறது. "இன்னும் முடியவில்லை, வரும் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன், வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன்" என்று எழுதினால் பாதிப் பேர் "சரி, பரவாயில்லை" என்பார்கள். நான் கடைசியில் அதைத்தான் அனுப்பினேன். அவர் காத்திருந்தார். மன்னிப்புக் கதை நீளமாக எழுதாதீர்கள். தேதி ஒன்று இருந்தால் போதும். அந்தத் தேதியையும் உங்களுக்கு வசதியானதற்கு மேல் மூன்று நாள் தள்ளியே சொல்லுங்கள்.

மூன்றாவது தவறை நினைத்தால் சிரிப்பு வருகிறது. தொய்வு வந்ததும் லோகோவை மாற்றினேன். லேபிளில் எந்த எழுத்துரு என்று எட்டு நாள் பார்த்தேன். வேலைகளைப் பட்டியலிட ஒரு செயலி, அது சரியில்லை என்று இன்னொரு செயலி. ஒரு நோட்டுகூடத் தைக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் தொழிலுக்காக உழைத்த களைப்பு மட்டும் இருந்தது. இதற்கு மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. செய்வதால் யாருக்காவது ஏதாவது பார்சல் போகுமா என்று கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

விட்டதை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் பிடித்துவிடலாம் என்பதும் ஒரு மாயை. கையில் இருக்கிற நேரம் எவ்வளவோ அவ்வளவுக்கும் வேலை வீங்கிக்கொள்ளும் என்று பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1955இல் கேலியாக எழுதினார். ஒரு முழு ஞாயிறு கிடைத்தால் அட்டை வெட்டவே மத்தியானம் ஆகிவிடுகிறது. சாயங்காலம் தோற்ற மாதிரி இருக்கும், திங்களன்று ஆபீஸுக்கு ஓய்வே எடுக்காமல் போக வேண்டும்.

வார நாட்களில் இருபது நிமிடம் போதும் என்று நான் இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடும். இதற்குக் கவன எச்சம் என்று சொல்லலாம்; 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதினார். ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு மானேஜருக்கு அனுப்ப வேண்டிய மெயிலை யோசித்துக்கொண்டிருப்பது இதனால்தான். அதனால் ஆபீஸை விட்டுக் கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடுகிறேன்: எங்கே விட்டேன், நாளைக் காலை முதலில் எதைத் தொட வேண்டும். தையல் மேசையிலும் அதே பழக்கம். "ஐந்தாவது மடிப்பு வரை தைத்தாயிற்று, நூல் போதும்" என்று ஒரு வரி. மறுநாள் உட்கார்ந்ததும் கை தானாகப் போகிறது.

இன்னொன்று, குற்றவாளியைத் தப்பாகப் பிடிப்பது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை விளக்கியபோது மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்புத் தட்டுவது, செய்யும் திறன் குறைந்துவிட்டதாக உணர்வது. எனக்கு மூன்றும் இருந்தது, ஆனால் எரிந்துகொண்டிருந்தது பகல் வேலை. நோட்டுப் புத்தகம் பாவம், புகை வந்த இடம் மட்டும்தான். ஆபீஸில் ஆள் குறைந்து, என் பங்கு இரட்டிப்பாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. பிடித்த எதிலுமே நாட்டம் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அதைத் தொழில் பிரச்சினையாக வைத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள்.

மூடிவிடலாமா என்ற முடிவை மட்டும் தொய்வில் இருக்கும்போது எடுக்கவே கூடாது. மூடுவது தப்பில்லை, சில தொழில்களை மூடத்தான் வேண்டும். ஆனால் அந்த ராத்திரியில் பார்க்கிற கணக்கு சரியாக இருக்காது. நான் ஆர்டர் எடுப்பதை ஒரு மாதம் நிறுத்தி, கடைப் பக்கத்தில் திறக்கும் தேதியைப் போட்டேன். டெலிவரிக்கு ஐந்து நாள் என்று இருந்ததைப் பன்னிரண்டாக மாற்றினேன். அந்த ஒரு மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, தூங்கி எழுந்த தெளிவில், கடந்த ஆறு மாதத்து வரவிலிருந்து தாள், நூல், பசை, தபால் செலவைக் கழித்து, போட்ட மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தேன். பெரிய அளவு நோட்டில் கையிலிருந்துதான் போட்டுக்கொண்டிருந்தேன். அதை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்தேன். அப்புறம் புதுப் பசை டப்பா ஒன்று வாங்கினேன், இந்தத் தடவை சின்னதாக.