மரத்தில் ஒடுக்கெடுக்கும் விதம்

முதல் தடவை நான் கையில் எடுத்தது உப்புத்தாளைத்தான். அக்காவின் எழுதுமேசை, நல்ல தேக்கு. ஒரு ஆணியை இறுக்கப் போய் சுத்தியல் கைநழுவி விழுந்ததில், நடு மேசையில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பள்ளம். அவள் வந்து பார்ப்பதற்குள் மறைத்துவிட வேண்டும். பள்ளத்தைச் சுற்றியிருந்த நல்ல மரத்தை அரைமணி நேரம் தேய்த்து, பள்ளத்தின் மட்டத்துக்கே இறக்கி, மேலே வார்னிஷ் பூசிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

நாலைந்து மாதம் கழித்துப் பூச்சாடியிலிருந்து தண்ணீர் கசிந்து அதே இடத்தில் இரவெல்லாம் நின்றிருக்கிறது. காலையில் பார்த்தால் பள்ளம் இருந்த இடத்தில் மேடு. அதே நக அளவு, அதே வடிவம், கொப்புளம் மாதிரி. “மரத்துக்கு அம்மை போட்டிருக்கு” என்றாள் அக்கா. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கொப்புளம் ஏன் வந்தது என்று புரிந்துகொண்ட பிறகுதான் ஒடுக்கெடுக்கும் வேலையே எனக்குப் பிடிபட்டது. மரம் என்பது ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களை நீளவாக்கில் அடுக்கிக் கட்டிய கட்டு. மேலே கனமான பொருள் விழுந்தால் அந்தக் குழாய்கள் நசுங்கித் தட்டையாகின்றன. அவ்வளவுதான், மரம் எங்கேயும் போய்விடவில்லை, அங்கேயே அமுங்கிக் கிடக்கிறது. குழாய்ச் சுவருக்குள் தண்ணீர் புகுந்தால் அது உப்பும். கூடவே சூடும் சேர்ந்தால், சுவரை விறைப்பாகப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகும். காய்ந்த மரத்தில் அதை இளக்க நூறு டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஈரம் ஏறியிருந்தால் நூறுக்குக் கீழேயே இளகிவிடும். இளகியதும் நசுங்கிய குழாய் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. நான் செய்தது என்ன? அமுங்கிக் கிடந்த மரத்தை அப்படியே விட்டுவிட்டு, சுற்றியிருந்ததைச் சீவி எறிந்தேன். தண்ணீர் பட்டதும் அமுங்கியது எழுந்தது. சுற்றிலும் இருந்ததுதான் இல்லையே!

ஜப்பானியச் சிற்பிகள் இந்தக் குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. நெட்சுகே எனப்படும் சிறு செதுக்கு வேலைகளில், மழுங்கிய கருவியால் மரத்தைப் புள்ளி புள்ளியாக அழுத்துவார்கள். சுற்றியுள்ள பரப்பை அந்தப் பள்ளத்தின் மட்டம் வரை சீவுவார்கள். பிறகு தண்ணீர் காட்டுவார்கள். தேரையின் முதுகில் இருக்கும் பருக்கள் மாதிரி புள்ளிகள் எழும்பி நிற்கும். இதற்கு உகிபோரி என்று பெயர். அக்காவின் மேசையில் நான் தெரியாமல் செய்ததும் அதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் எழுப்பு, அப்புறம் காயவிடு, கடைசியில் தேய். மாற்றினால் மேடு அல்லது குழி, இரண்டில் ஒன்று நிச்சயம்.

ஆனால் அதற்கும் முன்னால், உங்கள் முன் இருப்பது ஒடுக்கா வெட்டா என்று பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேசைப் பரப்போடு படுக்கவைத்தாற்போலப் பிடித்து அடியுங்கள். ஒடுக்கு என்றால் நிழல் மெதுவாக இறங்கி மெதுவாக ஏறும். மரத்தின் ரேகைகள் பள்ளத்துக்குள்ளும் அறுபடாமல் ஓடும். வெட்டு என்றால் ஓரம் கூர்மையாக இருக்கும், விரல் நகம் மாட்டும், ரேகை அறுந்திருக்கும். அறுந்த நாரை ஆவி ஒட்டவைக்காது. அதற்கு மக்கு, அதாவது குழியை நிரப்பும் பசைக் கலவை, வைத்து அடைப்பதுதான் வழி. கூரான மூலை விழுந்த இடத்தில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும்: நடுவில் வெட்டு, சுற்றிலும் ஒடுக்கு. அங்கேயும் முதலில் ஆவிதான். ஒடுக்கு எழுந்துவிட்டால் அடைக்க வேண்டிய வெட்டு பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது, அது மரம்தானா என்று பாருங்கள். கேலியில்லை. எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் மரத்தூளையும் நாரையும் பசை போட்டு அழுத்திச் செய்தவை. ஆவி காட்டினால் பள்ளம் மட்டுமல்ல, சுற்றுவட்டாரமே பொருமிப்போகும், திரும்ப இறங்காது. மேலே லாமினேட் ஒட்டிய பலகையிலும் இந்த வேலை பலிக்காது. வெனீர், அதாவது தோல் போல மெல்லியதாகச் சீவிய மரம், ஒட்டியது நடுவாந்தரம். மேல்தோல் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். சூடும் ஈரமும் அதன் கீழே உள்ள பசையையும் இளக்கும். பழைய சாமான்களில் வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை) போட்டு ஒட்டியிருந்தால் ஏறக்குறைய 60 டிகிரியிலேயே இளகிக் குமிழ் கிளம்பும். வெனீரில் நான் வெறும் தண்ணீர்ச் சொட்டோடு நிறுத்திக்கொள்வேன். மேசை மேல் பலகையின் விளிம்பைக் குனிந்து பார்த்தால் போதும்: மேலே ஓடும் ரேகை விளிம்பில் மடங்கி இறங்கினால் முழு மரம், விளிம்பில் தனியாக ஒரு பட்டை ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, மேலே என்ன பூச்சு. பள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் பொறுங்கள். மரம் குடித்துவிட்டால் பூச்சு இல்லை, அல்லது எண்ணெய் மட்டும் தடவியிருக்கிறது. தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் மேலே மெழுகோ படலமோ இருக்கிறது. மெழுகை டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கலாம். வார்னிஷ், மெலமைன், பாலியூரித்தேன் போன்றவை படலம். தண்ணீர் உள்ளே சுலபத்தில் போகாது. அரக்கைக் கரைத்துத் தேய்க்கும் பிரெஞ்சு பாலிஷ்தானா என்று தெரிய, கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள், பிசுபிசுத்தால் அரக்கு. அரக்குப் பாலிஷ் சூட்டில் இளகும், ஈரத்தில் வெளுக்கும். அந்த இடத்தில் திரும்பப் பாலிஷ் போடத் தயாராக இருந்தால் மட்டும் இறங்குங்கள். நூறு வருஷப் பழைய சாமான் என்றால் பள்ளத்தை அப்படியே விடுங்கள் என்பது என் கட்சி.

இனி வேலை. தேவை: இஸ்திரிப் பெட்டி, வெளுத்த பருத்தித் துணி, தண்ணீர், கொஞ்சம் பொறுமை. சாயத்துணி வேண்டவே வேண்டாம். ஆவியில் சாயம் மரத்துக்குள் இறங்கிவிடும். ஆவி பீய்ச்சும் இஸ்திரிப் பெட்டி இருந்தால் அந்த ஆவியை நிறுத்திவையுங்கள். ஆவி துணியிலிருந்து வர வேண்டும். பெட்டியின் ஓட்டைகளிலிருந்து வருவதில் துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து சொட்டும். தேக்கு, ஓக், வால்நட் மாதிரி துவர்ப்புச் சத்து உள்ள மரங்களில் இரும்புத் துரு பட்டால் மை கொட்டியதுபோல் கறுப்பாகிவிடும். எனக்கு ஒரு தடவை ஆயிற்று. பள்ளம் போய் மச்சம் வந்தது. ஆக்ஸாலிக் அமிலத்தில்தான் அது போனது.

முதலில் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். பூச்சில்லாத மரத்தில், மேலோட்டமான ஒடுக்கு என்றால், இதிலேயே வேலை முடிந்துவிடுவதும் உண்டு. தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். நான் ஈரத்துணியைப் போட்டு ஒரு மணி நேரம் விட்டுவிடுவேன். பைன் மாதிரி மிருதுவான மரத்துக்குப் பத்து நிமிஷம் தாராளம்.

பிறகு துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, இரண்டு மூன்று மடிப்பாகப் பள்ளத்தின் மேல் வையுங்கள். பெட்டியில் பருத்திக்கு வைக்கும் சூடு. முழுத் தட்டையும் வைக்காமல் முனையை மட்டும் பள்ளத்துக்கு நேராக வையுங்கள். ‘சுர்’ரென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் இருக்கும்வரை தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது, மரம் பத்திரம். சத்தம் அடங்கியதும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அடுத்து காய்வது துணி, அதற்கடுத்து கருகுவது மரம். பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் நான் வைத்ததில்லை. காதை நம்புங்கள், கடிகாரத்தை வேண்டாம்.

துணியை எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். நிழல் மெலிந்திருக்கும். திரும்ப நனை, திரும்ப வை. மேலோட்டமான ஒடுக்கு இரண்டு மூன்று தடவையில் எழும். சுத்தியல் ஒடுக்கு எட்டுப் பத்துத் தடவை கேட்கும். அடுத்தடுத்து இரண்டு தடவை செய்தும் மாற்றம் இல்லையென்றால், அந்த மரம் அவ்வளவுதான் எழும். பிடிவாதம் பிடித்தால் சுற்றியுள்ள நல்ல மரம்தான் வீங்கும்.

பள்ளம் மிளகு அளவுதான் என்றால் இஸ்திரிப் பெட்டி அதிகப்படி. ஈரத்துணியின் மேல், பள்ளத்துக்கு நேராக, பாட்டிலின் உலோக மூடி ஒன்றைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் பெட்டியை வையுங்கள். சூடு அந்த வட்டத்துக்குள் மட்டும் இறங்கும். சால்டரிங் அயர்ன் இருந்தால் அதன் முனையை ஈரத்துணி மேல் தொட்டுத் தொட்டு எடுக்கலாம். அது 300 டிகிரிக்கு மேல் போகும் சாமான். ஒரு விநாடி, அவ்வளவுதான்.

படலம் போட்ட பரப்பில் இரண்டு வழி. ஒன்று, அந்த இடத்துப் பூச்சை உப்புத்தாளால் எடுத்துவிட்டுச் செய்வது. இங்கே தேய்ப்பது பூச்சை மட்டுமே. மரம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னொன்று, மெல்லிய ஊசியால் பள்ளத்துக்குள், ரேகையின் போக்கிலேயே, அரை மில்லிமீட்டர் ஆழத்தில் நாலைந்து குத்து. அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கும். எழுந்த மரம் துளையை அநேகமாக மூடிவிடும். பூச்சைப் பிரிக்க மனமில்லாதவர்களுக்கு இது நல்ல வழி. முன்வாசலில் கண்ணில் படும் கதவுக்கு நான் செய்ய மாட்டேன்.

பலகையின் அறுபட்ட முனையில், அதாவது குழாய்களின் வாய் தெரியும் பக்கத்தில், விழுந்த ஒடுக்கு மட்டும் மல்லுக்கு நிற்கும். தண்ணீரை அது நிமிஷத்தில் குடித்துவிடும், ஆனால் எழும்பாது. மரம் ஈரத்தில் உப்புவது குறுக்குவாட்டில்தான். நீளவாக்கில், முழுக்கக் காய்ந்ததற்கும் முழுக்க ஊறியதற்கும் இடையே ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று பங்குதான் வித்தியாசம். மேசைக் கால் நுனி, பலகை மூலை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பாதி எழுந்தால் சந்தோஷப்பட்டுக்கொண்டு மீதிக்கு மக்கு வையுங்கள்.

எழுந்தாயிற்று. இப்போதுதான் கை பரபரக்கும். உப்புத்தாளைத் தொடாதீர்கள். ஊறிய மரம் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். அதை அப்போதே மட்டமாகத் தேய்த்தால், காய்ந்து சுருங்கியதும் குழி விழும். குறைந்தது ஒரு முழு நாள். பத்துத் தடவை ஆவி காட்டியிருந்தால் இரண்டு நாள். புறங்கையை வைத்துப் பாருங்கள்: சுற்றியுள்ள மரத்தைவிடச் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வெயிலில் வைக்கவோ ஹேர் டிரையர் பிடிக்கவோ வேண்டாம். ஒருபக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்தால் வெடிப்புவிடும்.

காய்ந்தபின் பரப்பு சொரசொரப்பாக இருக்கும், நார் நிமிர்ந்திருப்பதால். 220 எண் தாள், மரக்கட்டையில் சுற்றி, ரேகையின் போக்கில் நாலைந்து இழுப்பு, பிறகு 320. விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் வடிவத்தில் குழி விழும், அதனால்தான் கட்டை. பிறகு என்ன பூச்சு இருந்ததோ அதையே போடுங்கள். ஒட்டுப்போட்டது தெரியாமல் இருக்க வேண்டுமானால் பள்ளத்தின் மேல் மட்டும் போடாமல், ரேகையை ஒட்டி நீளமாக இழுத்து ஓரத்தை மெலிதாக்குங்கள். சுற்றியுள்ள பூச்சு வெண்மேகமாகப் பூத்திருந்தால் பயம் வேண்டாம், உள்ளே ஈரம் மாட்டியிருக்கிறது. இரண்டு நாள் பொறுத்துப் போகவில்லையென்றால் ஸ்பிரிட்டை லேசாகத் தொட்ட துணியால் ஒரு தடவல். அதுவும் அரக்குப் பாலிஷில் மட்டும்.

என்னைப் போல ஏற்கெனவே தேய்த்துவிட்டவர்கள் இருப்பீர்கள். பள்ளம் இப்போது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அமுங்கிய மரம் அடியில் காத்துக்கொண்டிருக்கிறது. பூச்சை எடுத்துவிட்டு, ஆவி காட்டி, மேடு முழுசாகக் கிளம்பும்வரை கிளப்புங்கள். மூன்று நாள் காயவிட்டுப் பிறகு சீவுங்கள். அக்காவின் மேசையில் அப்படித்தான் செய்தேன். பத்து வருஷமாகிறது, திரும்ப எழவில்லை. நான் சுத்தியலோடு வந்தால் மட்டும் அவள் மேசை மேல் போர்வையை மடித்துப் போட்டுவிடுகிறாள்.