டெஸ்ட் பாஸ், ஆனால் நுரையீரல் பக்கம் மாறிவிட்டது: மருத்துவப் பட மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐடிகே (ITK), 3டி ஸ்லைசர் (3D Slicer) போன்ற, மருத்துவ ஸ்கேன் படங்களைக் கையாளும் திறமூல மென்பொருள்களுக்கு நிரல் எழுத வரும் பலர் முதலில் எழுதும் டெஸ்ட் (நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் சிறு நிரல்) ஏறக்குறைய ஒன்றுதான். 64×64×64 அளவில் ஒரு படம், நடுவில் ஓர் உருண்டை, புள்ளிகளுக்கு இடையே மூன்று திசையிலும் 1 மி.மீ. இடைவெளி. டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். இந்தப் படத்தை இடவலமாகத் திருப்பினாலும், அச்சுகளை மாற்றிப் போட்டாலும் அதே உருண்டைதான் கிடைக்கும். அப்படியானால் இந்த டெஸ்ட் எதைப் பிடிக்கும்?

ஸ்கேன் கருவிகள் தரும் டைகாம் (DICOM) கோப்புகளும் ஐடிகேயும் நோயாளியின் இடப்பக்கத்தையும் முதுகுப்பக்கத்தையும் நேர்த்திசையாகக் கொள்கின்றன. நிஃப்டி (NIfTI) என்னும் மற்றொரு வகைப் படக் கோப்புகளும் ஸ்லைசரும் வலப்பக்கத்தையும் முன்பக்கத்தையும் கொள்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது முதல் இரண்டு அச்சுகளின் குறி மாற வேண்டும். மறந்தால், இடது நுரையீரலில் இருக்கும் கட்டி வலதில் தெரியும். நான் அதிகம் பயப்படுவது இந்தத் தவறுக்குத்தான், ஏனென்றால் படத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். ஆகவே டெஸ்ட் படம் கோணல்மாணலாக இருக்கட்டும்: 50×60×30 அளவு, 0.7, 0.8, 2.5 மி.மீ. இடைவெளி, சாய்ந்த திசை, சுழியம் அல்லாத தொடக்கப் புள்ளி, ஒரு மூலையில் மட்டும் ஒரு பொட்டு. டைகாமில் ஸ்லைஸின் (ஸ்கேனின் ஒரு வெட்டுப் படத்தின்) தடிமனையே ஸ்லைஸ்களுக்கு இடையிலான தூரமாக எடுத்துக்கொள்ளும் பிழையும் உண்டு. அதனால் இரண்டும் வேறுபடும் தொடர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒப்பீட்டுப் படம், அதாவது நிரல் தரும் படத்தோடு டெஸ்ட் ஒப்பிட்டுப் பார்க்கும் படம். டெஸ்ட் விழுந்ததும், புதிதாக வந்த படத்தையே ‘சரியான விடை’ என்று மாற்றி வைத்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து அந்த டெஸ்ட் பிழையைக் காவல் காக்கிறது. பழையதையும் புதியதையும் கழித்து, வேறுபாட்டைக் கண்ணால் பார்த்து, காரணம் புரிந்த பிறகு மாற்றுங்கள். கம்பைலரும் பிராசஸரும் மாறினால் கடைசி தசமங்கள் மாறும், உண்மைதான். அதற்காகத்தான் பிக்சல் மதிப்பு எவ்வளவு விலகலாம், எத்தனை பிக்சல்கள் விலகலாம் என்று ஐடிகேயில் தனித்தனியாகச் சொல்ல முடிகிறது. ஆனால் இரண்டாவது எண்ணைத் தாராளமாக வைத்துவிட்டால், பத்துப் பதினைந்து பிக்சல் அளவுள்ள ஒரு சிறு கட்டி மொத்தமாகக் காணாமல் போனாலும் டெஸ்ட் பாஸ் ஆகும்.

உண்மையான நோயாளியின் ஸ்கேனைக் கிட்டில் (Git, நிரலின் எல்லா மாற்றங்களையும் வரலாறாகச் சேமிக்கும் கருவி) போடவே கூடாது. பெயரை அழித்தால் போதாது: டைகாம் கோப்பில் ஸ்கேன் கருவி நிறுவனங்கள் தாமே சேர்க்கும் தனியார் டேக்குகளில் (தகவல் புலங்களில்) விவரம் இருக்கும், அல்ட்ராசவுண்டில் பெயர் படத்திலேயே பதிந்திருக்கும், தலை எம்ஆர்ஐயிலிருந்து முகத்தையே மீட்டுவிடலாம். பிறகு நீக்கினாலும் கிட் வரலாற்றில் அது கிடக்கும். பகிர அனுமதியுள்ள தரவாக இருந்தாலும், ஐடிகே செய்வதுபோல ஹேஷை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறியை) மட்டும் கிட் களஞ்சியத்தில் வைத்து, பில்ட் நேரத்தில், அதாவது நிரலைத் தொகுத்து மென்பொருளாக்கும்போது, கோப்பை இறக்குவதே நல்லது. கிட்டும் வீங்காது.

பில்ட் பற்றி ஒன்று. பில்ட் வேலையை நடத்தும் சிமேக் (CMake) கருவி பிறந்ததே ஐடிகேக்காகத்தான். ஆனாலும் சூப்பர்பில்டில் (தேவையான மற்ற நூலகங்களையும் இறக்கிச் சேர்த்துத் தொகுக்கும் பில்டில்) சார்பு நூலகத்துக்கு, ஒரு குறிப்பிட்ட பதிப்பைச் சுட்டும் கமிட் எண் கொடுக்காமல், மாறிக்கொண்டே இருக்கும் கிளையின் பெயரைக் கொடுத்தால், நேற்று ஓடியது இன்று ஓடாது, காரணமும் தெரியாது.

அப்புறம், டெஸ்ட் முடிவுகளைக் காட்டும் சிடேஷ் (CDash) இணையப் பலகையில் வாரக்கணக்கில் சிவப்பாகவே கிடக்கும் இரவு பில்டுகள். நாளைக்கு விழும் புதிய டெஸ்ட்டை அவை மறைத்துவிடும். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் அந்த டெஸ்ட்டை நிறுத்திவைத்து, காரணத்தையும் பார்ப்பவர் பெயரையும் இஷ்யூவில் (திட்டத்தின் பிழைப் பதிவில்) எழுதிவிடுங்கள்.